கிணற்றுக்குள் முப்பத்தெட்டுச் சுற்று

சித்திரை மாதக் கடைசியில், காவிரியில் நீந்திப் பழகுவதற்கென்றே சென்னையிலிருந்து திருச்சிக்கு ரயிலேறியவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. நாலு பக்கம் கழித்து நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் அவமானம். மேட்டூரில் தண்ணீர் திறக்க ஜூன் பிறக்க வேண்டும் என்பது இந்த மாநிலத்தில் பள்ளிக்கூடம் போன, போகாத எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் படித்த புத்தகங்களிலெல்லாம் காவிரி கரை தொட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மணல் வருகிற அத்தியாயத்தை எங்கேயோ புரட்டித் தள்ளியிருக்க வேண்டும்.

ஐம்பத்திரண்டு வயதில், மாடிப்படி ஏறினாலே பாதியில் நின்று சுவரில் உள்ள காலண்டரைப் படிக்கிற ஒருவனுக்கு ஆற்றில் என்ன வேலை என்று கேட்பீர்கள். டிரையத்லான் என்றொரு போட்டி இருக்கிறது. முதலில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர் நீச்சல். கரையேறியதும், தலையைத் துவட்டக்கூட நேரமில்லாமல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள். இறங்கியதும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். இதையே ஒரு நீதிபதி தண்டனையாக விதித்தால் ஊர் கொதித்து எழும். நாமாகப் பெயர் கொடுத்தால் கழுத்தில் பதக்கம் மாட்டுகிறார்கள். வெளிநாட்டுத் தீவு ஒன்றில் ஜூலையில் நடக்கும் அப்படியொரு போட்டிக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஓட்டல் பிரியாணி தந்த வீரத்தில் பெயர் கொடுத்துவிட்டேன்.

என் மனைவி வசுமதி சண்டை போடவில்லை. "வயலின், பிரெஞ்சு, பிஎச்.டி. இது நாலாவதா?" என்று மட்டும் கேட்டாள், காஸ் சிலிண்டர் எப்போது மாற்றினோம் என்று கேட்கிற குரலில். வயலினில் நான் முதல் வர்ணம் வரைக்கும் போனேன். பிரெஞ்சில் காபி கேட்கும் அளவுக்கு. பிஎச்.டி.யில் நான்காம் அத்தியாயத்தின் இரண்டாவது பக்கம்.

நாலு மாதம் பயிற்சி ஒருமாதிரிப் போயிற்று. பிறகு போட்டிக்காரர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல். முதல்முறை வருகிறவர்கள், நீச்சல்குளத்தில் அல்லாமல் இயற்கையான நீர்நிலையில், எழுபது நிமிடத்துக்குள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர் நீந்தியதாகத் தகுதிபெற்ற பயிற்சியாளர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு கடைசி நாள். தவறினால் பெயர் நீக்கப்படும். நான் அதுவரை நீந்தியதெல்லாம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் குளத்தில். நீளம் பதினைந்து மீட்டர். நடுவில் ஒரு சிமெண்ட் டால்பின் வேறு.

திருச்சியில் என் கல்லூரித் தோழன் ஆரோக்கியம் இருந்தான். அவன் மனைவி ஸ்டெல்லா ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. நீச்சல் பயிற்சியாளர் சான்றிதழும் வைத்திருப்பவர். ஸ்ரீரங்கத்தில் வசுமதியின் அண்ணன் வீடு இருந்தது. இரண்டுக்கும் நடுவில் காவிரி. கணக்கு கச்சிதமாக இருந்ததால் யோசிக்கத் தோன்றவில்லை.

ஸ்ரீரங்கத்தில் இறங்க வேண்டியவன் தூங்கிப்போய்த் திருச்சி ஜங்ஷனில் விழித்தேன். நீந்திக் கடக்க வந்த ஆற்றைக் குறட்டை விட்டபடி கடந்திருக்கிறேன். சைக்கிள் பெட்டியை ஆட்டோவின் பின்சீட்டில் திணித்து, அதன் மேல் நான் சாய்ந்து, ஸ்ரீரங்கம் நோக்கித் திரும்பி வந்தேன். பாலத்தின் நடுவில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிக் கீழே பார்த்தேன். மணல். மணலுக்கு நடுவே தோட்டத்துக் குழாய் திறந்துவிட்ட மாதிரி ஒரு கோடு தண்ணீர். அந்தப் பக்கம் இரண்டு அணிகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தன. பவுண்டரி அடித்த பந்து தண்ணீரைத் தாண்டி நனையாமல் போயிற்று.

"என்ன சார் பாக்குறீங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

"தண்ணி."

"அது ஆடியில வரும் சார். அதுவரைக்கும் நிக்கிறதுன்னா வெயிட்டிங் போட்டுக்கிறேன்."

வசுமதியின் அண்ணன் சௌந்தரராஜன் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீடு வடக்குச் சித்திரை வீதியில். நான் அந்தக் குடும்பத்துக்குக் காதல் கல்யாணத்தின் வழியாக, பக்கவாசலில் நுழைந்தவன். இருபத்தைந்து வருடம் கழித்தும் வெறும் நெற்றியோடு வந்து நிற்கிற மாப்பிள்ளையை அவர்கள் பெருமாள் சித்தம் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். என் பயிற்சித் திட்டத்தை அவர் மனைவி பத்மா மன்னியிடம் காட்டினேன். தினமும் நான்கு முட்டை என்று போட்டிருந்தது.

மன்னி அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டு மீதியைப் படித்தார். "அந்த வஸ்துவைத் தவிர வேற எது வேணும்னாலும் கேளுங்கோ. சுண்டல் பண்ணித் தரேன். அதுலயும் சத்துதான்."

பண்ணித் தந்தார். காலையில் கொண்டைக்கடலை, மாலையில் பச்சைப்பயறு, நடுவில் புளியோதரையும், தயிர்சாதமாகிய ததியோன்னமும். உலகத்தில் எந்த விளையாட்டு வீரனும் கோயில் பிரசாதத்தை மட்டுமே தின்று போட்டிக்குத் தயாராகியிருக்க மாட்டான். அந்தப் புளியோதரைக்காகத் தோற்கலாம் என்பது வேறு விஷயம்.

மறுநாள் விடியற்காலை ஓடக் கிளம்பினேன். சித்திரை வீதிகள் நான்கும் கோயிலைச் சுற்றிச் சதுரமாக ஓடுகின்றன. சமதளம், சிக்னல் கிடையாது. சென்னைக் கடற்கரைச் சாலையில் நான் ஓடினால் நாய்கள் மட்டும்தான் அக்கறை காட்டும். இங்கே ஒரு கூட்டமே நடந்து போய்க்கொண்டிருந்தது: ஓய்வு பெற்றவர்கள், பூக்கூடை வைத்த பெண்கள், பால் வாங்கப் போகிறவர்கள். என் கைபேசியிலிருந்த பயிற்சித் திட்டம், ஒரே பக்கமாகச் சுற்றினால் ஒருபக்க இடுப்பு தேய்ந்துவிடும், ஒரு சுற்று இப்படி, ஒரு சுற்று அப்படி ஓடு என்றது. முதல் சுற்று முடித்தேன். திரும்பினேன். எதிர்த்திசையில் ஓடத் தொடங்கினேன்.

அப்போதுதான் கவனித்தேன், அந்த வீதியில் அத்தனை பேரும் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்ததை. அத்தனை முகங்களும் இப்போது எனக்கு நேரே வந்தன. பூக்கூடைக்காரம்மா நின்றார். ஒரு சைக்கிள் நின்றது. மேற்குச் சித்திரை வீதித் திருப்பத்தில், பஞ்சகச்சம் கட்டிய ஒருவர் இரண்டு கையையும் விரித்து என்னை மறித்தார்.

"ஸ்வாமி," என்றார் மிகவும் கனிவாக, "யாரு தவறிட்டா?"

"யாரும் தவறல. ஏன்?"

"அப்பிரதட்சிணமா ஓடறேளே. ஏதோ துக்கம்னு நெனச்சேன்."

கோயிலை வலமாகத்தான் சுற்ற வேண்டும்; இடமாகச் சுற்றுவது சாவுச் சடங்கில் மட்டும். நான் ஷூவும் அரைக்கால் சட்டையுமாக, வேர்வை சொட்ட, பெருமாளுக்கே இழவு காரியம் செய்துகொண்டிருந்திருக்கிறேன். வீட்டுக்குத் திரும்பினால் சௌந்தரராஜன் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை, காத்தால எந்தப் பக்கமா ஓடினேள்?"

"அதுக்குள்ள தெரிஞ்சுடுத்தா?"

"மூணு பேர் போன் பண்ணிட்டா. ஒருத்தர் அனுதாபமே சொல்லிட்டார்."

"ஒரே பக்கமா சுத்தினா இடுப்பு தேஞ்சுடும்னு…"

"இடுப்பைப் பெருமாள் பாத்துப்பார். நீங்க பெருமாளை வலப்பக்கமா வச்சுக்கோங்கோ, போறும்."

அதன் பிறகு வலமாகவே ஓடினேன். இன்றைக்கும் என் வலது இடுப்பில் ஒரு வலி இருக்கிறது. டாக்டரிடம் காட்டவில்லை, புண்ணியத்தின் பக்கவிளைவாக இருக்கக்கூடும்.

மூன்றாம் நாள் மேலப்புதூருக்கு ஆரோக்கியம் வீட்டுக்குப் போனேன். அவன் வேதியியல் பேராசிரியர். மாதா கோயில் மணி அடிக்கும் தூரத்தில் வீடு. பால்கனியில் உட்காரவைத்து நான்கு அவித்த முட்டைகளை மிளகுத்தூளோடு நீட்டினான். நான் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து, "டேய், ஜெயில்லேர்ந்து வந்தவன் மாதிரி திங்கிறியே," என்றான்.

ஸ்டெல்லா எங்களை நீச்சல்குளத்துக்கு அழைத்துப் போனார். கோடை விடுமுறை, பயிற்சி முகாம். குளத்தில் தண்ணீரைவிடக் குழந்தைகள் அதிகம். இருக்கிற இடுக்கில் இறங்கி இருபது மீட்டர் நீந்திக் காட்டினேன். பக்கத்தில் வந்த ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "அங்கிள், ட்யூப் வேணுமா?" என்றது.

ஸ்டெல்லா கரையில் குந்தி உட்கார்ந்து சொன்னார்: "அண்ணா, தப்பா நெனக்காதீங்க. நீங்க நீந்தல. தண்ணிகிட்ட மன்னிப்புக் கேக்குறீங்க. கையால அத அடிச்சுத் தள்ளுங்க. அதுக்கு ஒண்ணும் வலிக்காது."

ஆரோக்கியம் என் தோளில் கை போட்டான். "என்னடி பெரிய இது. ஒரு கையெழுத்துதானே, போட்டுக் குடுத்துரு. தீவுக்காரன் வந்தா பாக்கப் போறான்?"

"அவன் பாக்க மாட்டான். நான் பாக்கணும்ல?" என்றார் ஸ்டெல்லா. இருபத்தாறு வருடத்தில் ஓடாத பிள்ளைக்கு ஓடியதாக அவர் ஒருமுறைகூட எழுதிக் கொடுத்ததில்லையாம். ஒருமுறை தலைமையாசிரியையின் தங்கை மகளுக்கே மறுத்துவிட்டு, இரண்டு வருடம் மழைநாளில் காலை வணக்கக் கூட்டம் நடத்தும் பொறுப்பை வாங்கிக்கொண்டாராம். "ஆனா இடம் நான் கண்டுபிடிச்சுத் தரேன் அண்ணா," என்றார்.

இடம் என்றால் கிணறு. பச்சமலை அடிவாரத்தில் உப்பிலியபுரம் பக்கம், அவருடைய பழைய மாணவி ஒருத்தியின் வீட்டுப் பாசனக் கிணறு. மாணவி கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். அம்மா செல்லம்மாதான் வெள்ளாமை பார்க்கிறார். "அது இயற்கையான நீர்நிலையா?" என்று சந்தேகம் கேட்டேன். ஸ்டெல்லா மின்னஞ்சலை இரண்டு முறை படித்தார். "ஊத்துத் தண்ணி. டால்பின் கெடையாது. இயற்கைதான்," என்று தீர்ப்பளித்தார்.

இடையில் சைக்கிளையும் பார்க்க வேண்டுமே. ஸ்ரீரங்கத்திலிருந்து துறையூர் போய்த் திரும்பினால் தொண்ணூறு கிலோமீட்டர் சுமாராக வரும் என்றார்கள். என் சைக்கிளில் பாதத்தைப் பெடலோடு பூட்டிக்கொள்கிற விசேஷ ஷூ. திருவானைக்காவல் பக்கம் ஒரு பால் வண்டிக்காக நின்றபோது, பூட்டைக் கழற்ற மறந்து, அடியோடு வெட்டிய வாழை போல மெதுவாக, முழு மரியாதையோடு சாய்ந்தேன். பால்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து, "கால எதுக்கு சார் கட்டி வச்சிருக்கீங்க? ஓடிருவீங்கன்னா?" என்றார்.

துறையூருக்குப் பத்து கிலோமீட்டர் முன்பு முன்சக்கரம் பஞ்சர். சாலையோர சைக்கிள் கடைக்காரர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"மட்கார்டு இல்ல. ஸ்டாண்டு இல்ல. கேரியர் இல்ல. பெல்லு இல்ல. பழசா சார்?"

"புதுசுங்க."

"ஐயையோ," என்றார் உண்மையான வருத்தத்தோடு. "கேட்டு வாங்கியிருக்கக் கூடாதா?"

பஞ்சரை அழகாக ஒட்டிவிட்டார். காற்றடிக்கத்தான் முடியவில்லை. என் ட்யூபின் வாய் ஈர்க்குச்சி மாதிரி மெல்லிசு. அவருடைய பம்புக்கு அது அகப்படவே இல்லை. அதற்கான பம்பு ஸ்ரீரங்கத்தில், மன்னியின் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில், பத்திரமாக இருந்தது. திருச்சிக்கு வாழைத்தார் ஏற்றிப்போன குட்டி லாரி ஒன்றில், தார்களுக்கு மேல் சைக்கிளையும் சைக்கிளுக்குப் பக்கத்தில் என்னையும் போட்டு அனுப்பிவைத்தார். டிரைவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். போட்டியை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீந்தி, மிதிச்சு, ஓடி, கடைசியில எந்த ஊருக்கு சார் போய்ச் சேருவீங்க?" என்றார். கிளம்பிய இடத்துக்கே என்றேன். அவர் ஒரு சீப்புப் பழம் மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

புதன்கிழமை ஆரோக்கியத்தின் காரில் மூவரும் கிணற்றுக்குப் போனோம். மலை பக்கத்தில் வந்து நின்றது. கோடைமழை இரண்டு நாள் அடித்திருந்ததால் கிணற்றில் மூன்று ஆள் தண்ணீர். சதுரக் கிணறு, ஒரு கல்யாண மண்டபத்தை உள்ளே இறக்கிவிடலாம். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்பலகைகள்தான் படி. ஸ்டெல்லா பள்ளிக்கூடத்து அளவு நாடாவை வைத்து அளந்து, சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தால் ஐம்பது மீட்டர் என்றார். முப்பத்தெட்டுச் சுற்று. மற்றவர்கள் கடலை நீந்திக் கடப்பார்கள், நான் கிணற்றை.

செல்லம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். தலையில் துண்டு கட்டிக்கொண்டு வரப்பிலிருந்து வந்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "டீச்சர், மும்முனை கரண்டு வந்தா நான் மோட்டார் போட்டாகணும். வெங்காயம் காயுது. மோட்டார் ஓடறப்ப தண்ணிக்குள்ள ஆளு இருக்கக் கூடாது. அது யாரா இருந்தாலும் சரி."

இறங்கினேன். தண்ணீர் ஜில்லென்று பச்சையாக இருந்தது. கீழே பார்க்க வேண்டாம் என்று நினைத்தபடியே கீழே பார்த்தேன், அடி தெரியவில்லை. எட்டாவது சுற்றில் மூக்குக்கு முன்னால் ஒன்று நெளிந்து போயிற்று. "தண்ணிப் பாம்பு சார், அது பாட்டுக்குப் போகும், நீங்க பாட்டுக்கு வாங்க," என்று மேலிருந்து செல்லம்மா குரல் கொடுத்தார். அடுத்த இரண்டு சுற்றைப் பற்றி ஸ்டெல்லா பிறகு சொன்னார்: "அந்த ரெண்டு ரவுண்டுதான் அண்ணா நல்ல டைமிங்."

இருபத்தொன்றாவது சுற்றில் செல்லம்மா கைதட்டினார். கரண்ட் வந்துவிட்டது. அந்த வாரம் காலை ஒன்பதுக்கு வரும் என்று அவர் சொல்லித்தான் இருந்தார். நாங்கள்தான் துறையூரில் பொங்கல் வடை சாப்பிட்டு நேரத்தைத் தின்றுவிட்டோம். படியேறி மேலே வந்தேன். மோட்டார் உறுமியது. நான் நீந்திய தண்ணீர் குழாய் வழியாக வெங்காயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவாவது உருப்படியாக ஒரு இடத்துக்குப் போனது. ஸ்டெல்லா கடிகாரத்தைப் பார்த்தார். "இருபத்தியொண்ணுக்கு நாப்பத்தி ரெண்டு நிமிஷம். இந்த வேகத்துல போனா எழுபத்தாறு ஆகும் அண்ணா."

அன்று சாயங்காலம் வசுமதிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"முடியலைன்னா விட்டுடுங்கோ. ஆத்துல தண்ணி இல்லைன்னா நீங்க என்ன பண்ணுவேள்? யாரும் ஒண்ணும் சொல்லமாட்டா. நானும் சொல்லமாட்டேன்," என்றாள்.

அந்தக் கருணைதான் தைத்தது. வயலினை விட்டபோது வாத்தியார் வீடு மாற்றிப் போயிருந்தார். பிரெஞ்சை விட்டபோது வகுப்பு நேரம் மாறியிருந்தது. ஆராய்ச்சியை விட்டபோது வழிகாட்டி ஓய்வு பெற்றிருந்தார். ஒவ்வொன்றும் நியாயமான காரணம். சரியான காரணம் எனக்கு எப்போதும் சரியான நேரத்தில் கிடைத்துவிடுகிறது. இந்த முறை காவிரியே வறண்டு எனக்கு ஒத்தாசை செய்திருந்தது. விலகிக்கொள்வதாக நான்கு வரி மின்னஞ்சல் எழுதினேன். நல்ல ஆங்கிலம். நான் எழுதியதிலேயே இதுபோன்ற கடிதங்கள்தான் எப்போதும் நன்றாக அமையும். அனுப்பாமல் வைத்துவிட்டுச் சுண்டல் சாப்பிடப் போனேன்.

வியாழனும் வெள்ளியும் ஸ்டெல்லா பொறுப்பாளரிடம் சொல்லிக் குழந்தைகள் வருவதற்கு முன்பே நீச்சல்குளத்தைத் திறக்கவைத்து, தண்ணீரிடம் மன்னிப்புக் கேட்பதை நிறுத்தச் சொல்லிக்கொடுத்தார். சனிக்கிழமை கடைசி வாய்ப்பு. ஞாயிறு அவர்களுக்குப் பூசை, எனக்குக் கடைசி நாள்.

சனிக்கிழமை துறையூரில் வடைக்காக வண்டி நிற்கவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஆரோக்கியம் ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை மட்டும், தோலோடு, ஓடுகிற வண்டியிலிருந்தே வாங்கினான். கிணற்றடியில் ஸ்டெல்லா அதிலிருந்து முப்பத்தெட்டை எண்ணி மேடைமேல் வரிசையாக வைத்தார். நான் ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம் ஒன்றை எடுத்துக் கூடையில் போடுவது ஆரோக்கியத்தின் வேலை. வரிசை தீர்ந்தால் நீச்சல் முடிந்தது. கடிகாரம் ஸ்டெல்லாவிடம். மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி செல்லம்மாவிடம். மணி ஏழு ஐம்பது. ஒன்பதுக்குக் கரண்ட். எழுபது நிமிடம், தீவுக்காரர்களின் கெடுவும் மின்வாரியத்தின் கெடுவும் ஒன்றாக வந்து நின்றன.

கிணற்றுக்குள் நீந்துவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுவர், சுவர், சுவர், படிக்கல், மறுபடி சுவர். மேலே ஒரு சதுரம் வானம். அதில் மூன்று தலைகள். பதினைந்தாவது சுற்றில் தோள் எரிந்தது. இருபத்திரண்டு தாண்டியபோது புதன்கிழமையைத் தாண்டிவிட்டேன் என்று ஒரு சந்தோஷம். அதன் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். அதற்குத்தான் ஒரு பேராசிரியரை நியமித்திருக்கிறோமே.

"முடிஞ்சுதுடா! வரிசை காலி!" என்று ஆரோக்கியம் கத்தினான்.

படிக்கல்லைப் பிடித்துத் தொங்கினேன். ஒரு கையைத் தூக்கிக்கூடக் காட்டினேன். ஸ்டெல்லா கடிகாரத்தைப் பார்த்தார். "அறுபத்தி மூணு நிமிஷம்," என்றார். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. இந்த மனிதன் இவ்வளவு வேகமாக நீந்துகிறவன் இல்லையே என்கிற சந்தேகம்தான் இருந்தது. அவர் குனிந்து கூடையை எண்ணினார். பிறகு மேடைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன தோலு?"

ஆரோக்கியம் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

"எத்தன தின்னீங்க?"

"பொட்டலத்துலேர்ந்துதான் எடுத்தேன்… கை தவறி ஒண்ணு ரெண்டு…"

"கூடையில முப்பத்தஞ்சுதான் இருக்கு. வரிசையில மூணத் தின்னுட்டீங்க."

 செல்லம்மாவுக்கே பாவமாக இருந்தது போல. "விடுங்க டீச்சர். மூணு சுத்துதானே. மூச்சு வாங்குறாரு பாருங்க," என்றார்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்துச் சொன்னார். "அண்ணா, நான் பாத்தது முப்பத்தஞ்சு. அதத்தான் எழுதுவேன். அஞ்சரை நிமிஷம் இருக்கு. அப்புறம் உங்க இஷ்டம்."

இதோ, வந்துவிட்டது. வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த காரணம். என்மேல் துளி தப்பு இல்லை. மூன்று வறுத்த கடலை. தின்றது ஒரு பேராசிரியர். சாட்சி இரண்டு பேர். ஆயுள் முழுக்க விருந்துகளில் சொல்லிச் சிரிக்கலாம். அந்தக் கதையை நான் எவ்வளவு நன்றாகச் சொல்வேன் என்பதுகூட எனக்கு அந்த நொடியில் கேட்டுவிட்டது. அதுதான் என்னை பயமுறுத்தியது. கல்லை விட்டுவிட்டுத் திரும்பவும் இறங்கினேன்.

அந்த மூன்று சுற்றில் அழகு எதுவும் இல்லை. ஸ்டெல்லா சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் மறந்து, கைக்கு வந்ததைச் செய்தேன். கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். ஒரு மூலையில் சுவரில் முட்டிக்கொண்டேன். மேலே ஸ்டெல்லா சத்தமாக எண்ணினார். ஆரோக்கியம் மாதாவைக் கூப்பிட்டான். செல்லம்மா ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி, "இன்னும் வரல, வாங்க, இன்னும் வரல," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியாகக் கல்லைத் தொட்டபோது அறுபத்தொன்பது நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி.

மேலே வந்து மண்ணில் மல்லாந்து படுத்தேன். ஸ்டெல்லா கார் பானெட்டின்மேல் காகிதத்தை வைத்து, பெயர், இடம், நேரம் எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் நிறுத்தி எழுதி, கையெழுத்துப் போட்டார். இடம் என்ற வரியில், 'விவசாயக் கிணறு' என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். ஆரோக்கியம் மீதிக் கடலையை என்னிடம் நீட்டினான். கண் கலங்கியிருந்தது, குற்ற உணர்ச்சியா வெயிலா தெரியவில்லை.  முழுசாக முடித்த ஒன்று என் பெயரில், எழுத்தில், கையெழுத்தோடு. வசுமதிக்குப் போன் செய்ய எழுந்து உட்கார்ந்தேன்.

கரண்ட் அன்று ஒன்பதுக்கு வரவில்லை. ஒன்பதரைக்கும் வரவில்லை. செல்லம்மா ஒரு சொம்பு நீர்மோரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் குடித்து முடிக்கும் வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, ரொம்ப நேரமாக மனத்தில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"போன வருசம் எங்க நாயி இதுக்குள்ள விழுந்துருச்சுங்க சார். அதுவும் இப்படியேதான், ஓரமாவே சுத்திச் சுத்தி வந்துச்சு. பாவம், அதுக்குப் படியேறத் தெரியாது. உங்களுக்கு என்னங்க?"